யார் பொரிச்சாங்க? நூடுல்ஸ் மியூசியத்தில் ஒரு நாள்

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

ரொம்ப நாளா கேட்கிறவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பாட்காஸ்ட் தொடங்கின புதுசுல, தோத்துப் போய் மறுபடி எழுந்தவங்களைப் பத்தி ஒரு எபிசோட் பண்ணினேன். அதுல ஒரு பத்து நிமிஷம் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் கண்டுபிடிச்ச மோமோஃபுகு ஆண்டோ பத்திப் பேசினேன். சொத்தெல்லாம் போன ஒரு மனுஷன், 47 வயசுல, வீட்டுக் கொல்லையில ஒரு கொட்டகை போட்டு, தன்னந்தனியா ஒரு வருஷம் உழைச்சு, உலகம் சாப்பிடற விதத்தையே மாத்தினார்னு. பின்னணியில வயலின் வேற. அந்தக் கதையில பொய் எதுவும் இல்லை. ஆனா நான் சொன்ன விதம் தப்பு. அதை எனக்குக் காட்டினது ஏழு வயசுப் பொண்ணு, என் அக்கா மகள்.

அக்காவும் அத்தானும் ஒசாகா பக்கம் இருக்காங்க. போன வருஷம் லீவு போட்டு அங்க ரெண்டு வாரம் போயிருந்தேன். குழந்தைங்க ரெண்டு பேர். பேர் சொல்ல மாட்டேன், அக்கா திட்டுவா. பெரியவளுக்கு ஏழு, சின்னவனுக்கு நாலு. கோயில், கோட்டைன்னு எங்க கூட்டிட்டுப் போனாலும் அரை மணி நேரத்துல "வீட்டுக்குப் போலாம்"னு ஆரம்பிச்சிடுவாங்க. "கையால ஏதாவது செய்யற இடத்துக்குக் கூட்டிட்டுப் போடா"ன்னு அக்கா சொன்னா. அப்படிப் போனதுதான் இக்கேடா ஊர்ல இருக்கிற கப் நூடுல்ஸ் மியூசியம்.

ஒசாகா உமேடா ஸ்டேஷன்ல இருந்து மெரூன் கலர் ஹான்க்யூ ரயில்ல இருபது நிமிஷம் மாதிரி. இறங்கி அஞ்சு நிமிஷம் நடக்கணும். சுத்தி சாதாரண வீடுகள், சைக்கிள் நிறுத்தம், சின்னச் சின்ன கடைகள். அதுக்கு நடுவுல மியூசியம். வெளிய ஆண்டோவோட சிலை. அவர் நிக்கற பீடமே ஒரு கப் நூடுல்ஸ் கப். சின்னவன் அதைப் பார்த்துட்டு, "தாத்தா சாப்பாட்டு மேல ஏறி நிக்கிறார், தப்பு"ன்னு சொன்னான். நம்ம வீட்டுல சோத்தை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லி வளர்த்த பையன், வேற என்ன சொல்லுவான்.

1999-ல திறந்த மியூசியம் இது. யோகோஹாமாவில 2011-ல இன்னொன்னு திறந்தாங்க, அது இதை விடப் பெரிசு. ஆனா கதை நடந்த ஊர் இக்கேடாதான். ஆண்டோ வீடு இங்கதான் இருந்தது, கொட்டகையும் இங்கதான். உள்ள போக டிக்கெட் கிடையாது. கையால செய்யற விஷயங்களுக்கு மட்டும் காசு.

செய்யறதுக்கு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, மாவுல இருந்து சிக்கன் ராமென் செய்யறது. அதுக்கு முன்கூட்டியே பதிவு பண்ணணும், தொடக்கப்பள்ளி வயசும் ஆகியிருக்கணும். அதனால பெரியவளும் நானும் உள்ள போயிட்டோம், சின்னவன் கண்ணாடிக்கு வெளிய நின்னு அழுதான். இன்னொன்னு, வெறும் கப்பை வாங்கி நம்ம இஷ்டத்துக்குப் படம் வரைஞ்சு, நூடுல்ஸும் மத்ததும் போட்டு மூடி வாங்கிட்டு வர்றது. அதுக்கு நாலு வயசே போதும். சின்னக் குழந்தைங்களோட போறவங்க இந்த வித்தியாசத்தை முதல்லயே பார்த்துக்கோங்க. அந்த அழுகை சாதாரண அழுகை இல்லை.

மாவு விஷயத்துக்கு வர்றேன். தலையில கோழிக்குஞ்சு படம் போட்ட துணியைக் கட்டிக்கிட்டு மேஜை முன்னாடி நிக்கணும். கோதுமை மாவுல காரத் தண்ணி விட்டுப் பிசையணும். சப்பாத்தி மாவு மாதிரி உடனே சேராது. உதிரி உதிரியா, பிடிவாதமா இருக்கும். பெரியவ ரெண்டு நிமிஷத்துல களைச்சுப் போய், "மாமா, நீ பண்ணு"ன்னா. அப்புறம் கையால சுத்தற ஒரு உருளை மெஷின்ல மாவை விட்டு, மடிச்சு, திரும்ப விட்டு, திரும்ப மடிச்சு, மெல்லிசா ஆனதும் இழையா வெட்டணும். இந்த வேலையில அவ ராணி. கைப்பிடியைச் சுத்தறதுல அப்படி என்ன சந்தோஷமோ தெரியலை, அந்த வயசுல எல்லாக் குழந்தைக்கும் அது இருக்கு.

இழையை ஆவியில வேக வைக்கிறாங்க. அது வேகற நேரத்துல பொட்டலத்து மேல படம் வரையச் சொல்லி பேனா தர்றாங்க. வெந்து வந்த இழையில சூப்பு மசாலா தெளிச்சு, கையால உதிர்த்து, வட்டமான கம்பி அச்சுல போடறோம். அடுத்த வேலையை மட்டும் நம்ம கையில குடுக்க மாட்டாங்க. சுமார் 160 டிகிரி எண்ணெய், அதனால பணியாளர்களே போடறாங்க. நாம கண்ணாடி வழியாப் பார்க்கலாம். எண்ணெயில இறங்கின உடனே பயங்கர நுரை. கொஞ்ச நேரம் கழிச்சு நுரை அடங்குது. அவ்வளவுதான், சிக்கன் ராமென் தயார்.

அந்த நுரைதான் கண்டுபிடிப்பே. வெந்த இழைக்குள்ள இருக்கிற தண்ணி, சூடான எண்ணெய் பட்டதும் ஆவியாகி வெளிய ஓடுது. நாம பார்க்கிற நுரை அதுதான். தண்ணி ஓடின பாதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளா நின்னுடுது. ஈரம் பத்து சதவீதத்துக்கும் கீழ போயிடறதால மாசக்கணக்குல கெடாது. பின்னால கொதி தண்ணி ஊத்தினா, அதே ஓட்டை வழியா தண்ணி திரும்ப உள்ள வருது. மாவு ஏற்கெனவே வெந்ததுதானே, அதனால ரெண்டு மூணு நிமிஷத்துல மெத்துன்னு ஆயிடும்.

நம்ம வீட்டு வடாமை நினைச்சுப் பாருங்க. கூழ் காய்ச்சறோம், அதுல மாவு வெந்துடுது. மொட்டை மாடி வெயில்ல காய வைக்கிறோம். பிறகு எண்ணெயில போட்டா மிச்சமிருக்கிற துளி ஈரம் ஆவியாகி வடாமை உப்ப வைக்குது. வேக வை, உலர்த்து, பொரி. ஆண்டோ உலர்த்தறதையும் பொரிக்கிறதையும் ஒரே வேலையா ஆக்கிட்டார். வெயிலும் வேணாம், காக்கா விரட்ட ஆளும் வேணாம். இன்ஜினியரிங்ல இதுக்கு மேல ஒரு அழகு கிடையாதுன்னு நான் நினைக்கிறேன். ரெண்டு படி இருந்த இடத்துல ஒரு படி.

செஞ்சு முடிச்சு வெளிய வந்து, சின்னவனைச் சமாதானப்படுத்திட்டு, கொட்டகையைப் பார்க்கப் போனோம். 1957-58 காலத்துக் கொட்டகையை அப்படியே திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க. சின்ன மர அறை. ஒரு பழைய நூடுல்ஸ் மெஷின், பெரிய வாணலி, மாவு, பாத்திரங்கள். நான் உடனே பாட்காஸ்டர் குரலுக்கு மாறிட்டேன். ரெண்டு பேரையும் முன்னாடி நிறுத்திக் கதை சொல்ல ஆரம்பிச்சேன். இங்கதான் அந்தத் தாத்தா தினமும் நாலு மணி நேரம் மட்டும் தூங்கிட்டு தனியா வேலை செஞ்சார். நூடுல்ஸை எப்படிக் காய வைக்கிறதுன்னே புரியலை. ஒரு நாள் வீட்டுல டெம்புரா பொரிச்சாங்க. அதாவது நம்ம பஜ்ஜி மாதிரி. மாவு எண்ணெயில விழுந்ததும் தண்ணி நுரையா வெளிய வர்றதைப் பார்த்தார். பட்டுனு பல்பு எரிஞ்சுது.

பெரியவ கேட்டா: "யாரு பொரிச்சா?"

"அவரு பார்த்தார்"னு சொன்னேன்.

"பார்த்தது அவரு. யாரு பொரிச்சா?"

பொரிச்சது அவர் மனைவி மசாகோ. அது எனக்கு அப்பவும் தெரியும். பழைய எபிசோட் பண்ணும்போதே படிச்சிருந்தேன். ஆனா சொல்லும்போது "வீட்டுல பொரிச்சாங்க"ன்னு தான் என் வாயில வந்தது. "வீட்டுல" அப்படின்னா யாரு? நம்ம தமிழ்ல இந்த வார்த்தையை வெச்சு எத்தனை ஆளை மறைக்க முடியுது பாருங்க.

பதில் சொன்னேன். விடலை. "அப்போ அந்தப் பாட்டி ஏன் இந்த ரூம்ல இல்ல?"

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, படிச்சதையெல்லாம் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கொட்டகையில வேற யாரெல்லாம் இருந்திருக்கணும்னு. இனிமே வர்றதுதான் அந்தத் திருத்தம்.

முதல்ல ஆண்டோவே. அவர் பிறந்தது ஜப்பான்ல இல்லை, தைவான்ல. 1910, சியாயி பகுதி. அப்போ தைவான் ஜப்பானோட காலனி. பிறந்தப்போ வெச்ச சீனப் பேர் வூ பைஃபூ. அதுல கடைசி ரெண்டு எழுத்தை ஜப்பானிய உச்சரிப்புல படிச்சா மோமோஃபுகு. சின்ன வயசுலயே அப்பா அம்மா போயிட்டாங்க, தாத்தா பாட்டிகிட்ட வளர்ந்தார். தாத்தாவுக்குத் துணி வியாபாரம். இவரும் துணி வியாபாரத்துலதான் ஆரம்பிச்சு, 1933-ல ஒசாகா வந்தார். ஆண்டோங்கிற குடும்பப் பேர் மனைவி வழியா வந்தது. மசாகோதான் ஆண்டோ. உலகம் முழுக்க தெரிஞ்ச பேர்ல பாதி அந்தப் பாட்டியோடது! ஜப்பான் குடியுரிமை 1966-ல தான் வாங்கினார். அதாவது சிக்கன் ராமென் வந்து எட்டு வருஷம் கழிச்சு.

போர் முடிஞ்ச ஒசாகா. குண்டு போட்டு அழிஞ்ச ஊர், உமேடா ஸ்டேஷன் பின்னாடி கள்ளச்சந்தை. குளிர்ல ஒரு கிண்ணம் ராமெனுக்காக ஜனங்க நீளமா வரிசையில நின்னதைப் பார்த்ததுதான் தன் மனசுல விழுந்த விதைன்னு பின்னாடி அவர் சொன்னார். அமெரிக்கா அப்போ ஜப்பானுக்கு கோதுமை அனுப்பிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துல குழந்தைங்களுக்கு ரொட்டி. ரொட்டி ஏன், நம்ம ஊர் ஆளுங்க சாப்பிடற நூடுல்ஸ் ஏன் கூடாதுன்னு அவர் அரசு அதிகாரிகள்கிட்ட கேட்டிருக்கார். அந்தக் கோதுமை இல்லாம இந்தக் கதை நகராது. ஒரு கப்பல் நிறைய மாவு கொட்டகைக்கு வெளிய நிக்குதுன்னு வெச்சுக்கோங்க.

அடுத்தது நான் பழைய எபிசோட்ல வேணும்னே விட்டது. 1948-ல வரி ஏய்ப்பு வழக்குல தண்டனை ஆகி, ரெண்டு வருஷம் சிறையில இருந்தார். மாணவர்களுக்குப் படிப்பு உதவித்தொகை குடுத்தேன், அதை வரி ஏய்ப்புன்னு எடுத்துக்கிட்டாங்கன்னு அவர் தரப்புல சொன்னார். அமெரிக்க ஆக்கிரமிப்பு நடந்த காலம் அது. யார் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. ஆனா "சொத்து போச்சு"ன்னு மட்டும் சொல்லி சிறையை விட்டுட்டா, அது கதையை மெருகு போடற வேலை. சொத்து போனது அதுக்கப்புறம், 1957-ல. அவர் தலைவரா இருந்த ஒரு கடன் சங்கம் திவாலாச்சு. வீடு மட்டும் மிச்சம்.

இப்போ கொட்டகை. அதுல அவர் ராப்பகலா உழைச்சது உண்மை, அதைக் குறைச்சு சொல்லலை. ஆனா சூப்பு எங்கிருந்து வந்தது? ஆண்டோ சொன்ன கதை இது. வீட்டுல கோழி வளர்த்தாங்க. ஒரு நாள் அறுக்கப் போன கோழி துள்ளி எழுந்ததைப் பார்த்து மகன் கோகி பயந்து போய், அதுக்கப்புறம் கோழியையே தொடலை. மாமியார் கோழி எலும்புல சூப்பு வெச்சு அதுல நூடுல்ஸ் போட்டுக் குடுத்தாங்க. பையன் சத்தமில்லாம சாப்பிட்டுட்டான். கோழி சூப்புதான்னு முடிவாச்சு. ஆக, சூப்பு மாமியார் அடுப்புல, நுரை மனைவி வாணலியில. முதல்ல பொட்டலங்கள் தயாரானப்போ மசாகோவும் வீட்டு ஆட்களும் சேர்ந்துதான் வேலை பார்த்திருக்காங்க. நம்ம ஊர்ல அப்பளக் கம்பெனி, ஊறுகாய்க் கம்பெனி ஆரம்பிச்ச எந்த வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான் சொல்லுவாங்க. போர்டுல பேர் மட்டும் ஒருத்தருடையது.

1958 ஆகஸ்ட் 25. சிக்கன் ராமென் சந்தைக்கு வந்தது. விலை 35 யென். அப்போ கடையில புது ஊடான் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைச்சது. அதாவது நாம இன்னிக்கு ஏழைச் சாப்பாடுன்னு, மாசக் கடைசிச் சாப்பாடுன்னு நினைக்கிற இந்தப் பொருள், வந்தப்போ ஆடம்பரப் பொருள். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச தகவல். ஹாஸ்டல்ல ரெண்டு பாக்கெட் மேகியை மூணு பேர் பிரிச்சுச் சாப்பிட்டவங்களுக்கு இது புரியும். மொறுமொறுன்னு கெட்டில்ல வெச்சு சாப்பிட்டதை வார்டன் பிடிச்ச கதையை இன்னொரு நாள் சொல்றேன்.

கொட்டகைக்கு வெளிய இன்னும் சிலர் இருக்காங்க. பொரிச்ச நூடுல்ஸ்ங்கிறதே ஆண்டோவுக்கு முன்னாடி இல்லாத சமாசாரம் கிடையாது. தென் சீனாவில யீ மீன்னு பொரிச்ச முட்டை நூடுல்ஸ் ரொம்பப் பழசு. தைவான்லயும் பொரிச்ச மெல்லிசு நூடுல்ஸ்ல சூடான சூப்பு ஊத்திச் சாப்பிடற வழக்கம் உண்டு. அதே காலத்துல ஜப்பான்ல இருந்த இன்னொரு தைவான்காரர், சாங் குவோ-வென், மசாலா ஏத்தின உலர் நூடுல்ஸுக்கு பேட்டன்ட் விண்ணப்பம் போட்டிருந்தார். 1961-ல ஆண்டோவோட கம்பெனி அந்த உரிமையைக் காசு குடுத்து வாங்கிச்சு. இதை வெச்சு "ஆண்டோ திருடிட்டார்"னு யூடியூப்ல தலைப்பு போடறவங்க இருக்காங்க. நான் அப்படிச் சொல்லலை. ஒரே காலத்துல, ஒரே மாதிரி பின்னணியில இருந்து வந்த பல பேர் ஒரே பிரச்சினையை முட்டிக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டு போற அளவுக்கு முடிச்சார். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது தினசரி அனுபவம்தானே. ஐடியா அஞ்சு பேர்கிட்ட இருக்கும், ரிலீஸ் பண்ணினவர் பேர்தான் நிக்கும்.

அதுல ஆண்டோவுக்குச் சேர வேண்டிய பெருமை ஒண்ணு இருக்கு. காப்பி அடிச்சவங்க மேல முதல்ல வழக்கு, எச்சரிக்கைன்னு போனவர், 1964-ல மத்த கம்பெனிகளையும் சேர்த்து ஒரு சங்கம் அமைச்சு, பேட்டன்டை அவங்களும் உரிமம் வாங்கிப் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டார். கொட்டகைக் கதையை விட இந்த முடிவுதான் நூடுல்ஸை உலகம் முழுக்க கொண்டு போச்சுன்னு எனக்குத் தோணுது. இதுக்கு யாரும் மாதிரி அறை கட்டிக் காட்ட முடியாது, அதான் பிரச்சினை.

கொட்டகை மட்டும் ஏன் இவ்வளவு சுலபமா மனசுல பதியுது? எங்க தொழில்ல இதுக்குப் பேர் கராஜ். ஆப்பிள் கராஜ். அந்தக் கராஜ்ல டிசைனும் நடக்கலை, உற்பத்தியும் நடக்கலை, அது கொஞ்சம் கட்டுக்கதைன்னு ஸ்டீவ் வோஸ்னியாக்கே 2014-ல சொல்லிட்டார். ஆனாலும் கதை சாகலை. நான் முதல்ல சேர்ந்த கம்பெனியில, பேர் வேணாம், புது ஆளுங்களுக்கு நடத்தற அறிமுகக் கூட்டத்துல நிறுவனர் தனியா ஒரு அறையில ஆறு மாசம் கோடு எழுதின கதையைப் படத்தோட காட்டுவாங்க. அப்புறம் கேன்டீன்ல ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, அந்த அறையில அவங்களும் இருந்தாங்களாம். டேட்டாபேஸ் முழுக்க அவங்க எழுதினதாம். படத்துல அவங்க இல்லை, ஏன்னா படத்தை எடுத்ததே அவங்கதான். அந்த அக்கா சிரிச்சதுக்கு நானும் சிரிச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு மைக் முன்னாடி உட்கார்ந்து, வயலின் போட்டு, மசாகோவை "வீட்டுல"ன்னு சொன்னது நானேதான்.

ஜப்பான்லயும் இதைத் திருத்தப் பார்த்தாங்க. என்எச்கே டிவியில 2018 அக்டோபர்ல இருந்து 2019 மார்ச் வரைக்கும் 'மான்புகு'ன்னு ஒரு காலைத் தொடர் வந்தது. கதாநாயகி மசாகோவை வெச்சு எழுதின பாத்திரம். மனைவி முன்னால வந்துட்டாங்க, நல்லது. ஆனா அதுல கணவரோட தைவான் பிறப்பு காணாமப் போச்சு. ஒருத்தரை அறைக்குள்ள கூப்பிடும்போது இன்னொருத்தர் வெளிய போயிடறார்.

சரி, கப்புக்கு வருவோம். சின்னவன் காத்திருக்கான்.

1966-ல ஆண்டோ அமெரிக்கா போனார். அங்க கடைக்காரங்ககிட்ட சிக்கன் ராமெனைக் காட்டினா, போட்டுச் சாப்பிடக் கிண்ணம் இல்லை. அவங்க நூடுல்ஸை ரெண்டா உடைச்சு, காபி குடிக்கிற காகிதக் கப்புல போட்டு, வெந்நீர் ஊத்தி, முள்கரண்டியால சாப்பிட்டாங்க. கப் நூடுல்ஸ் அங்க பிறந்தது. இதுலயும் "யார் பொரிச்சாங்க" கேள்வி கேட்கலாம். உடைச்சுப் போட்ட அந்தக் கடைக்காரர் பேர் வரலாற்றுல நிக்கலை.

1971 செப்டம்பர் 18-ல கப் நூடுல்ஸ் வந்தது, 100 யென். கப்புக்குள்ள நூடுல்ஸ் அடி வரைக்கும் போகாது. கப்போட அடிப்பாகத்தை விட அகலமா இருக்கறதால நடுவுல மாட்டிக்கிட்டுத் தொங்கும். கீழ வெந்நீர் சுத்த இடம் கிடைக்கும், மேல இறாலும் காயும் உட்கார இடம் கிடைக்கும், லாரியில குலுங்கினாலும் உடையாது. ஆனா தொழிற்சாலையில மேல இருந்து நூடுல்ஸைப் போட்டா சாய்ஞ்சு விழுந்தது. ஒரு நாள் படுத்திருக்கும்போது அறையே தலைகீழாச் சுத்தற மாதிரி தோண, அதுல இருந்து யோசனை வந்ததாம்: நூடுல்ஸைக் கப்புல போடாதே, கப்பை நூடுல்ஸ் மேல கவிழ்த்து.

இதை எந்தப் பலகையில எழுதி வெச்சாலும் நாலு வயசுப் பையனுக்குப் புரியாது. அங்க என்ன பண்றாங்கன்னா, நம்ம கப்பை நூடுல்ஸுக்கு மேல தலைகீழா மாட்டி ஒரு கைப்பிடியைக் குடுத்துடறாங்க. சுத்தினா கப்பும் நூடுல்ஸும் சேர்ந்து நிமிருது. சின்னவன் சுத்தினான். நின்னான். குனிஞ்சு உள்ள பார்த்தான். "மாட்டிக்கிச்சு"ன்னான். ஒரு பேட்டன்டை ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சுட்டான். ரெண்டு வருஷமா அந்த வடிவமைப்பைப் பத்திப் படிச்சிருந்த எனக்கே அதைப் பார்த்தப்போதான் உடம்புல புரிஞ்சுது.

நடைமுறை விஷயம் கொஞ்சம். மெஷின்ல 500 யென் போட்டா வெறும் கப் வரும். மேஜையில உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால படம் வரையலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. அப்புறம் நாலு வகை சூப்புல ஒண்ணு, பன்னெண்டு வகை மேல்தூவல்ல நாலு. கடைசியில மூடி ஒட்டி, காத்து அடிச்ச பையில போட்டு, கயிறு கட்டிக் குடுக்கறாங்க. கழுத்துல மாட்டிக்கலாம். சுத்த சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை: எந்த சூப்புலயும் மாமிசமோ மீனோ இல்லாம இருக்காதுன்னு வெச்சுக்கோங்க. படம் வரையலாம், கைப்பிடி சுத்தலாம், சாப்பிட முடியாது. எங்க அக்கா மாமியாருக்குக் குழந்தைங்க செஞ்சு கொண்டு போன கப் ஷோகேஸ்ல தான் இருக்கு.

சுவத்துல 5,460 விதமா சேர்க்கலாம்னு போட்டிருந்தாங்க. என்னால சும்மா இருக்க முடியலை. பன்னெண்டுல நாலு வேற வேற எடுத்தா 495, நாலு சூப்புக்கு 1,980 தான் வரணும். எப்படி 5,460? போன்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம்னு வெச்சுக்கிட்டா 1,365, நாலு சூப்புக்கு 5,460. சரியா வருது. நான் இதை அக்காவுக்கு உற்சாகமா விளக்கிட்டிருக்கேன், அவ கேட்கவே இல்லை. அதுக்குள்ள கவுன்ட்டர்ல சின்னவன் விரலை நீட்டி கோழிக்குஞ்சு படம் போட்ட மீன் கேக்கைக் காட்டினான். நாலு தடவையும் அதையேதான் காட்டினான். அந்தக் கவுன்ட்டர் அம்மா சிரிக்காம, தலையசைச்சு, நாலும் அதையே போட்டாங்க. கணக்கு நிரூபணம் ஆச்சு.

மீதியை வேகமா சொல்லிடறேன். கப் நூடுல்ஸ் முதல்ல விலை அதிகம்னு சரியாப் போகலை. 1972 பிப்ரவரியில ஆசாமா மலை விடுதியில தீவிரவாதிகள் பிணைக்கைதி பிடிச்சப்போ, உறைபனியில சாப்பாட்டு டப்பா எல்லாம் கல்லாகிப் போன போலீஸ்காரங்க சூடா கப் நூடுல்ஸ் சாப்பிட்டது டிவியில நேரலையாப் போச்சு. அதுக்கப்புறம் ஓட்டம்தான். 2005-ல விண்வெளிக்கு ஒரு வகை போச்சு, சோயிச்சி நோகுச்சி கொண்டு போனார். 2007 ஜனவரியில 96 வயசுல ஆண்டோ இறந்தார். உலகம் 2023-ல சாப்பிட்ட இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் 12,000 கோடி பரிமாறலுக்கு மேல. சீனா, இந்தோனேசியாவுக்கு அடுத்து மூணாவது இடம் நம்ம இந்தியா. உடம்புக்கு நல்லதான்னு மெயில் போடாதீங்க. உப்பு அதிகம், அது எல்லாருக்கும் தெரியும். அது வேற எபிசோட்.

கிளம்பறதுக்கு முன்னாடி பெரியவ கொட்டகைகிட்ட திரும்பப் போகணும்னா. போனோம். வேலி ஓரமா நின்னு உள்ள எட்டிப் பார்த்துட்டு, "பாட்டி வீட்டுக்குள்ள சமையல் ரூம்ல இருந்திருப்பாங்க. அந்த ரூமையும் கட்டியிருக்கலாம்ல?"ன்னு கேட்டா. அந்த மியூசியம் பார்க்கிற லட்சக்கணக்கான பெரியவங்க கேட்கிறாங்களான்னு எனக்குத் தெரியலை. நான் கேட்கலை.

அவ கப்புல வரைஞ்சது ஒரு பூனை. கொட்டகை, பாட்டி எதுவும் இல்லை. நீங்க எதிர்பார்த்திருப்பீங்க, நானும் எதிர்பார்த்தேன். நாங்க கையால செஞ்ச சிக்கன் ராமெனை மறுநாள் காலையில அக்கா வீட்டுல வெந்நீர் ஊத்திச் சாப்பிட்டோம். இழை ஒண்ணு தடியா, ஒண்ணு மெல்லிசா, நடுவுல கொஞ்சம் வேகாம இருந்தது. பெரியவ முழுசா சாப்பிட்டா. சின்னவன் தன் கப்பைத் திறக்கவே விடலை.

ஊருக்கு வந்து பழைய எபிசோடை எடுத்து எடிட் பண்ணினேன். நீக்கிடலாமான்னு யோசிச்சேன், வேணாம்னு விட்டேன், தப்பா சொன்னதும் இருக்கட்டும். ஆரம்பத்துல இருபது விநாடி சேர்த்து, மசாகோ பேர், மாமியாரோட சூப்பு, சாங் குவோ-வென், சிறை, தைவான் எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். குறிப்புலயும் எழுதியிருக்கேன். வயலினை எடுத்துட்டேன்.

அடுத்த வாரம் பிரஷர் குக்கர். விசில் எத்தனைன்னு உங்க வீட்டுல எண்றது யாருன்னு இப்பவே எழுதி அனுப்புங்க. பேரோட.